கொழும்பின் மூன்று செக்கன்

சபைத் தலைவரின் தலைமயிரும் நெற்றியும் இறங்கியாகிவிட்டது. இப்போது புருவம் வந்துகொண்டிருந்தது.

மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், ஸெய்னுலாப்தீன் நானாவின் கொமியுனிகேஷன் கடையில், இரண்டாம் நம்பர் கொம்பியூட்டருக்கு முன்னால் மரிய கொறற்றி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடையின் இன்டர்நெட் எவ்வளவு வேகம் என்றால், ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு எழுந்தால், கேத்தலில் தண்ணீர் வைத்து, அது கொதித்து, பிளேன்டீ ஊற்றி, சீனியைக் கடித்துக்கொண்டு குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டும் வரலாம். அதற்குள் அலுவிகாரையில் புறப்பட்ட பஸ் டவுனுக்கு வந்து ஆட்களை இறக்கி, கண்டக்டர் இரண்டு பேரோடு சண்டையும் பிடித்து முடித்திருப்பார். தலைவரின் படம் அப்போதுதான் மூக்குக்கு வந்திருக்கும்.

2008 ஓகஸ்ட் மாதம் அது. மலையோரச் சுகாதார சேவைச் சபை என்று கொழும்பில் ஒன்று முளைத்து, மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களுக்கு நாற்பது சுகாதார உதவியாளர் வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. காகிதத்தில் எழுதி அனுப்பினால் ஏற்கமாட்டார்களாம். இன்டர்நெட்டில், தலைவரின் படம் போட்ட சபைப் பக்கத்தில் மட்டும்தான். மலை உச்சியில் லயத்து வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்காதவர்கள், அங்கே இருப்பவர்களிடம் இன்டர்நெட்டில் வா என்றார்கள். ஆகவே, இரத்தோட்டைப் பக்கத்திலிருந்தும் யட்டவத்தைப் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி, தமிழ்ப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் சிங்களப் பிள்ளைகள் பதினொரு பேரும் கொறற்றியிடம் வந்து சேர்ந்தார்கள். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், சாதாரண தரப் பெறுபேறு எல்லாவற்றையும் அவளே அடித்தாள். அனுப்பும் பொத்தானை அமத்தினாள். உடனே இல்லை, கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு கைகள் கும்பிட்டுக் கும்பிட்டு ஆடும் படத்தோடு மூன்று மொழியில் 'நன்றி' என்று வந்தது. அதை அச்செடுத்துக் கையில் கொடுத்தாள்.

கொடுத்ததும் எல்லோரும் ஒரே மாதிரிக் கேட்டார்கள்: "இத லெமினேட் பண்ணிக் குடுங்க மிஸ்."

தகரம் ஒழுகும் லயத்துக் காம்பராவில் காகிதம் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. அதனால் தோட்டத்துச் சனம் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானக் கடதாசி, பள்ளிக்கூட ரிப்போட் என்று எழுத்து இருக்கிற எதையும் பிளாஸ்டிக்குக்குள் போட்டுவிடும். நாகமுத்து என்கிற வாயாடி தன் கல்யாணக் கார்டையே லெமினேட் பண்ணி வைத்திருந்தான். பொண்சாதியையும் கொண்டுவந்தால் சூடு பண்ணித் தருகிறேன் என்று கொறற்றி சொல்லியிருந்தாள்.

தலைவரின் புருவம் முடிந்து கண் திறந்த நேரத்தில், நனைந்த குடையோடு அழகம்மா உள்ளே வந்தாள். செவ்வாய்க்கிழமை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி.

"கொறற்றியக்கா! சபையில இருந்து கடுதாசி வந்திருச்சு! சிங்களத்துல இருக்கு. எப்ப வரச் சொல்லியிருக்காங்கன்னு பாருங்க."

அழகம்மா இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தாள். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள். பத்து வருடமாகியும் தற்காலிகம்தான். இரண்டாம் முறை எழுதி ஓ.எல். பாஸ் பண்ணியிருந்தாள். வருகிற மாதம் அவளுக்கு முப்பது முடிகிறது. இந்த வேலைக்கும் வயது முப்பதைத் தாண்டக்கூடாது. சபை இனி இன்னொரு தடவை ஆள் எடுக்கும்போது, அவள் வளர்த்த பிள்ளைகள் விண்ணப்பம் போடும்.

கொறற்றி கடிதத்தைப் படித்தாள். நாலே வரி. எந்தக் கடிதத்துக்கும் மூன்று வருடம் கழித்துப் பதில் போடுகிற ஊரில், இந்தச் சபை ஆறே நாளில் பதில் போட்டிருந்தது.

"என்னாக்கா? ஏன் மொகம் இப்பிடி போகுது?"

"ஒன்னோட ஐடென்டி நம்பரு அதுல இல்லையாம். அதுனால தள்ளிட்டாங்களாம்."

"நம்பரு இல்லையா? ஐடென்டியவே ஒங்க கையில குடுத்தேனே! நீங்கதானே ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடிச்சீங்க?"

"அடிச்சேன் புள்ள. மாதா சத்தியமா அடிச்சேன்."

அழகம்மா தோள்பையிலிருந்து ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பையை எடுத்தாள். அதற்குள் இன்னொரு சிலிசிலிப் பை. அதற்குள் லெமினேட் செய்த அந்த நன்றிக் காகிதம். இருவரும் மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தார்கள். கும்பிடும் கைகள் இருந்தன. கீழே 'விண்ணப்ப இலக்கம்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்குமேல் ஒன்றும் இல்லை.

"இந்தக் கோடு ஏங்கா சும்மா கெடக்கு?"

கொறற்றி கணக்குப் பார்த்தாள். நாற்பத்து மூன்று பேருக்கு, நாற்பத்து மூன்று தடவை, ஒன்றுமில்லாததை இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவே வைத்து, ஓரம் மடங்காமல், குமிழ் விழாமல், பக்குவமாக ஒட்டிக் கொடுத்திருக்கிறாள்.

உடனே அழகம்மாவின் விண்ணப்பத்தைத் திரும்ப அடித்தாள். அனுப்பினாள். கைகள் கும்பிட்டன. கோடு சும்மா கிடந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி கும்பிட்டது. ஐந்தாம் தடவை அந்தக் கைகளைப் பார்க்கையில் அவளுக்குத் திரையிலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"வைரஸா ஈக்கும்," என்றார் ஸெய்னுலாப்தீன் நானா, கல்லாவிலிருந்து. உலகத்தில் எது பழுதானாலும் அவருக்கு வைரஸ்தான். போன கிழமை கடையின் கக்கூஸ் அடைத்தபோதும் அதையே சொன்னார்.

இருட்டுமுன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க அழகம்மா எழுந்தாள். "அக்கா, என்னா பழுதுன்னு நீங்க கண்டுபிடிச்சிருவீங்க. நான் நம்பர மட்டும் எழுதி வச்சிட்டுப் போறேன். சரியானதும் நீங்களே அனுப்பிருங்க. நாளைக்கும் லீவு போட்டா எனக்கு பேரு விழாது, சம்பளம் போயிரும்."

கொறற்றி கொப்பியை எடுத்தாள். பேனையின் மூடியையும் கழற்றினாள்.

"புள்ள, வாணாம்," என்றார் நானா.

அது கடைச் சட்டம். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆட்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வாடிக்கையாளர்களின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ஒரு நாள் சி.ஐ.டி.க்காரர்கள் வந்து மேசை லாச்சியை இழுத்தார்கள். இத்தனை தமிழ்ப் பெயர், இத்தனை நம்பர், எதற்கு, யாருக்கு அனுப்ப என்று, கூட்டிக்கொண்டுபோய் மூன்று நாள் வைத்துக் கேட்டார்கள். போகும்போது ஒற்றை நாடியாக இருந்த நானா, வரும்போது அரை நாடியாக வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் ஒருவருடைய இலக்கமும் எழுதப்படுவதில்லை. அட்டையைப் பார்த்து அடிப்பது, அப்படியே திருப்பிக் கொடுப்பது. அட்டையையே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அது கையில் இல்லாமல் பஸ் ஏறினால் அடுத்த செக்பொயின்ட்டில் இறக்கிவிடுவார்கள்.

"ஒரே ஒரு நம்பரு தானே நானா."

"மத்த ஆள்களும் அதத்தானே கேப்பாங்க. எனக்கு வயசு அறுவத்திமூணு புள்ள. இன்னொரு மூணு நாள தாங்க ஏலாது."

கொறற்றி பேனைக்கு மூடியைப் போட்டாள். "சரியானதும் சொல்லி அனுப்புறேன் அழகம்மா. ஓடி வந்துரு."

புதன்கிழமை முழுக்க அவள் அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டினாள். முதலில் சந்தேகப்பட்டது தலைவரைத்தான். அந்தப் படம் அப்படிப்பட்ட கனம். அதை முழுசாக இறக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவள் அளந்து பார்த்ததே இல்லை, அதற்குள் கடை பூட்டும் நேரம் வந்துவிடும். படங்களை நிறுத்திவைத்தாள். தலைவர் ஒரு வெள்ளைப் பெட்டியாகி, மூலையில் சின்னதாய் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியானார். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கோடு சும்மாதான் கிடந்தது. மணிக்கூட்டை வைத்துப் பார்த்தாள். தலைவர் இல்லாமலே பக்கம் முழுசாக வர தொண்ணூற்று நாலு செக்கன். ஏன் என்று தேடினால், இலங்கையில் உள்ள பதினாலாயிரம் கிராம சேவகர் பிரிவையும் ஒரே பட்டியலில் போட்டு, ஃபோர்முக்கு நடுவில் செருகி வைத்திருந்தார்கள். பருத்தித்துறையும் தெய்வேந்திரமுனையும் வந்து சேர்ந்த பிறகுதான், அடையாள அட்டை இலக்கம் எழுதும் பெட்டி வரும். அதையும் கொம்பியூட்டருக்குள் சேமித்து வைக்க விடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் கொழும்பிலிருந்து புதிதாகத்தான் வரவேண்டும்.

வியாழக்கிழமை காலையில், திரையின் அடியில் இடது மூலையில் கிடந்த மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்தாள். புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டு கிழமையாக ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த முக்கோணம் வந்துகொண்டுதான் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வருகிற சனியன்தானே என்று அவள் கணக்கெடுக்கவில்லை. இப்போது அதன்மேல் இரண்டு தடவை அமத்தினாள். 'நாற்பத்தோராவது வரி. தேடிய பொருள் இல்லை' என்று இங்கிலீஷில் சொன்னது.

பக்கத்தின் உள் எழுத்தைத் திறந்து நாற்பத்தோராவது வரிக்குப் போனாள். கண்டி வீதி வகுப்பொன்றில் ஆறு மாதம் படித்த படிப்பு அதை வாசிக்கப் போதும். அடையாள அட்டை இலக்கம் எழுதும் பெட்டியைத் தேடிப் பிடித்து, அதில் எழுதுவதை அனுப்பவேண்டிய பெட்டிக்குள் போடவும், விண்ணப்ப இலக்கம் உண்டாக்கவும் ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. அந்த ஸ்கிரிப்ட் எப்போது ஓடவேண்டும் என்றும் எழுதியிருந்தது. பக்கம் திறக்க ஆரம்பித்து மூன்று செக்கன் கழித்து.

மூன்று. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். கொழும்பில் ஒரு குளுகுளு அறையில் எவனோ உட்கார்ந்து, தன் கொம்பியூட்டரில் பக்கம் ஒரு செக்கனில் வருவதைப் பார்த்து, பாவம் தூரத்துச் சனத்துக்கு இன்னும் இரண்டைச் சேர்ப்போம் என்று தாராளமாக மூன்று வைத்திருக்கிறான். ஸ்கிரிப்ட் மூன்றாவது செக்கனில் ஓடி வருகிறது. பெட்டியைத் தேடுகிறது. பெட்டி அப்போது கிளிநொச்சியையும் தாண்டவில்லை. இல்லை என்று சொல்லிச் செத்துப்போகிறது. திரும்ப வருவதில்லை. செத்த செய்தியைச் சொல்லாமல் கைகள் மட்டும் கும்பிடுகின்றன.

கொழும்புப் பக்கத்தில் அவளால் கைவைக்க முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தை அப்படியே தன் கொம்பியூட்டருக்குள் ஒரு நகலாக இறக்கி வைத்து, அங்கிருந்து திறந்தால்? பட்டியல் முழுக்க ஏற்கெனவே உள்ளே இருக்கும். ஒரே செக்கனில் திறக்கும். மூன்றாவது செக்கனில் ஸ்கிரிப்ட் வரும்போது பெட்டி தயாராக இருக்கும். செய்தாள். தன்னுடைய சொந்த இலக்கத்தை அடித்தாள். பக்கத்துப் பெட்டியில் சத்தமில்லாமல் விண்ணப்ப இலக்கம் வந்து உட்கார்ந்தது.

அனுப்பவில்லை. எழுந்து வெளியே ஓடி, புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த இரத்தோட்டை பஸ்ஸின் கண்டக்டரிடம் கத்தினாள்: "அண்ணே! சபைக்கு எழுதுன ஆளுக எல்லாரையும் நாளைக்கு ஐடென்டியோட வரச் சொல்லுங்க! தோட்டம் தோட்டமா சொல்லிருங்க!" யட்டவத்தை பஸ்ஸிடம் சிங்களத்தில் கத்தினாள். கண்டக்டர்கள் வானொலியைவிட நன்றாக ஒலிபரப்பினார்கள். தாங்களாகவே கொஞ்சம் சேர்த்தும் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கடை திறக்கும்போது, சபைத் தலைவரே மாத்தளைக்கு வந்து வேலை கொடுக்கிறாராம் என்று இரண்டு பேர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றார்கள்.

முதல் ஆள் நாகமுத்து.

"மிஸ், போன தடவ என்னா குத்தம் பண்ணோம்? வெளங்குற மாதிரி சொல்லுங்க."

"நீங்க ஒண்ணும் பண்ணல. பெரட்டுக்களத்துக்கு கங்காணி விடியக்காலம் மூணு மணிக்கே வந்து பேரு கூப்புட்டா என்னாகும்?"

"ஒரு பய இருக்கமாட்டான்."

"அதான். ஒருத்தரும் இல்லைன்னு எழுதிட்டு கங்காணி போய் படுத்துட்டான். நீங்க ஆறு மணிக்கு வந்து, நாள் முழுக்க கொழுந்து எடுத்து, கொண்டுபோய் நிறுத்தும் குடுத்தீங்க. ஆனா பேரு இல்ல."

நாகமுத்து அடையாள அட்டையை நீட்டினான். "அப்ப இது புதுசா வந்த மிசினு இல்ல மிஸ். எங்க தோட்டத்துல நூறு வருசமா ஓடுது."

வரிசை சிரித்தது. அவனுடைய இலக்கம் விழுந்தது. புது நன்றிக் காகிதத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். "கோட்டுக்கு மேல நம்பரு இருக்கு, எல்லாரும் பாத்துக்கங்க! மிஸ், லெமினேட்!"

இரண்டு மணிக்குள் முப்பத்தொரு பேர் போய்விட்டார்கள். பன்னிரண்டு பேர் மிச்சம். சிலர் இன்னும் வந்து சேரவில்லை, அழகம்மாவும் வரவில்லை. அந்த இடைவெளியில் கொறற்றி டெலிபோனை எடுத்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து சபையின் கணினிப் பிரிவுக்கு அடித்துக்கொண்டிருக்கிறாள். ஐயா கூட்டத்தில் இருந்தார், பிறகு தேநீரில் இருந்தார், பிறகு இன்னொரு கூட்டத்தில் இருந்தார். இன்று அதிசயமாய் மேசையில் இருந்தார். சிங்களத்தில், 'நங்கி' என்று தங்கச்சி முறை வைத்து, தேனைக் காய்ச்சி வடித்தது போன்ற குரலில் பேசினார்.

"இங்க நல்லா வேலை செய்யுதே நங்கி. இப்பவும் எனக்கு முன்னால திறந்துதான் இருக்கு."

"அங்க ஒரு செக்கன்ல வந்துடும் மாத்தயா. இங்க தொண்ணூற்று நாலு. உங்க ஸ்கிரிப்ட் ஃபோர்ம் வர்றதுக்கு முந்தியே ஓடிடுது. மாத்தளையில மட்டும் இல்ல, லைன் மெதுவா இருக்கிற எல்லா ஊர்லயும் இப்படித்தான் போயிருக்கும்."

"தொண்ணூற்று நாலா? சரியா அளந்தீங்களா?" பேனை கிறுக்கும் சத்தம் கேட்டது. "அப்ப மூணுக்குப் பதிலா எத்தனை போடலாம்?"

"செக்கனே போட வேணாம் மாத்தயா. பக்கம் முழுசா வந்து முடிஞ்ச பிறகு ஓடுன்னு ஒரு வரி எழுதினா போதும். இலக்கம்தான் போடணும்னா தொண்ணூற்றேழு போடுங்க. எங்க தொண்ணூற்று நாலும் உங்க மூணும்."

அவர் சிரித்தார். எழுதிக்கொண்டார். பிறகு, "அப்ப இன்னைக்கு உங்க ஊர்ல இருந்து முப்பத்தொண்ணு இலக்கத்தோட வந்திருக்கே, அது எப்படி?" என்று கேட்டார்.

கொறற்றி சொன்னாள். பக்கத்தின் நகலை இறக்கி வைத்ததை, அங்கிருந்து அனுப்புவதை, ஒன்றுவிடாமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

மறுமுனையில் தேன் உறைந்தது. "அப்படின்னா சபையின் பக்கம் உங்க மெஷின்ல இருக்கா? யார் அனுமதி கொடுத்தது? இந்தக் காலத்துல இதெல்லாம் பாதுகாப்பு விஷயம் நங்கி. சரி, நாங்க பாத்துக்கிறோம்."

வைத்துவிட்டார். மணி இரண்டு இருபது.

"பாத்துக்கிறாங்களாம் நானா. சரி பண்ணிருவாங்க," என்றாள் கொறற்றி.

இரண்டரைக்கு அழகம்மா ஓடி வந்தாள். செருப்பு முழுக்கச் சேறு. பிள்ளைக்காம்பராவில் மாற்று ஆள் வரும்வரைக்கும் விடமாட்டேன் என்றிருக்கிறார்கள். விட்ட பிறகு, வழியில் செக்பொயின்ட்டில் பஸ்ஸோடு எல்லோரையும் இறக்கி முக்கால் மணித்தியாலம். லெமினேட் செய்த காகிதத்தைப் பார்த்த ஆமிக்காரப் பையன் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தானாம், உள்ளே ஏதாவது ஒளித்திருக்கிறாளோ என்று.

"ஒண்ணுமில்லாதத அவன்கூட கண்டுபுடிக்கல அக்கா," என்று மூச்சு வாங்கினாள். "நேரம் இருக்குதானே?"

"ஒன்றரை மணி நேரம் இருக்கு. உக்காரு."

எல்லாவற்றையும் அடித்தாள். இலக்கம் விழுந்தது. அழகம்மா அதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கொறற்றி அனுப்பினாள்.

கைகள் வரவில்லை. ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. 'இந்த விண்ணப்பம் அனுமதிக்கப்படாத இடத்திலிருந்து அனுப்பப்படுகிறது. ஏற்கப்படமாட்டாது.'

கொறற்றி மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டு முப்பத்தெட்டு. இரண்டு கிழமையாக ஓடாத கணினிப் பிரிவு, பதினெட்டு நிமிடத்தில் ஓடியிருந்தது. அதுவும் கதவைச் சாத்துவதற்கு. அவளுடைய வாயிலிருந்துதான் வழி கேட்டுப் போயிருந்தது. நாக்கைப் பிடுங்கிக் கழுவவேண்டும் போல ஓர் அருவருப்பு அவளுக்குள் ஏறியது. டெலிபோனை எடுத்தாள். ஐயா கூட்டத்தில் இருந்தார்.

"கண்டிக்குப் போனா நல்ல லைனு இருக்குமாக்கா?"

"ஒரு மணி நேர ஓட்டம். நடுவுல ரெண்டு செக்பொயின்ட்டு."

"என் வேன எடுக்கவா?" என்று நானா எழுந்தார். அவரே பிறகு உட்கார்ந்தார். வேன் கராஜில் இருந்தது. உட்கார்ந்தவர் செவ்வாய்க்கிழமை மூடி வைத்த கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்டைக்கு அந்த நம்பர எழுத உட்டீந்தா..." என்றார்.

கொழும்புப் பக்கத்தை நேரடியாகத் திறந்தார்கள். சரி பண்ணியிருப்பார்களோ என்று ஒவ்வொரு தடவையும் உள்ளெழுத்தைப் பார்த்தார்கள். மூன்று. மறுபடி திறந்தார்கள். மூன்று. பதினாலாயிரம் கிராமங்களும் ஒவ்வொன்றாக இறங்கி வந்து, அழகம்மாவைத் தாண்டிப் போயின. மிச்சப் பன்னிரண்டு பேரில் வந்து சேர்ந்திருந்த ஏழு பேர் அவள் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். யட்டவத்தையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை ஒருத்தி அழகம்மாவின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மணி நாலானதும் பக்கத்தின் தலையில் சிவப்பெழுத்து ஏறியது. விண்ணப்பம் முடிவடைந்துவிட்டது. அது மட்டும் உடனே வந்தது.

திங்கட்கிழமை அழகம்மா பிள்ளைக்காம்பராவுக்கு மாவுப் பெட்டி எடுக்க டவுனுக்கு வந்தாள். பெட்டிகளைப் பஸ் நிலையத்தில் தெரிந்தவர்களிடம் பார்க்கச் சொல்லிவிட்டுக் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். கையெல்லாம் மா.

கொறற்றியின் திரையில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. உள்ளெழுத்தில் நாற்பத்தோராவது வரி. மூன்று இல்லை. தொண்ணூற்றேழு. பக்கத்தில் யாரோ இங்கிலீஷில் குறித்திருந்தார்கள்: தூரப் பகுதிகளின் வசதிக்காகக் கணினிப் பிரிவு திருத்தியது. வெள்ளி, 16.12.

"என்னாக்கா அது?"

"என்னோட நம்பரு," என்றாள் கொறற்றி, பக்கத்தைப் புதிதாகத் திறந்துகொண்டே. "ஒன்னோட ஐடென்டிய எடு, பாப்போம்."

அடித்தாள். இரண்டு பேரும் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். தொண்ணூற்றேழு செக்கன். விண்ணப்ப இலக்கம் அதன் பெட்டிக்குள் சுத்தமாக வந்து உட்கார்ந்தது.

"வந்துருச்சேக்கா!"

"வந்துருச்சு. அனுப்புற பொத்தானத்தான் எடுத்துட்டாங்க."

அழகம்மா அந்த இலக்கத்தைப் பார்த்தாள். பிறகு சிலிசிலிப் பையைப் பிரித்து, அதற்குள் இருந்த பையையும் பிரித்து, தன்னுடைய பழைய நன்றிக் காகிதத்தை மேசையில் வைத்தாள். "அத இதுல எழுதிக் குடுங்க. சும்மாதான். கோடு சும்மா கெடக்குதுல்ல."

கொறற்றி பேனையை எடுத்து, கும்பிடும் கைகளுக்குக் கீழே, கோட்டுக்கு நேராக, பிளாஸ்டிக்கின்மேல் அந்த இலக்கத்தை ஒவ்வொன்றாக எழுதினாள். மை ஒட்டவில்லை, சின்னச் சின்ன முத்தாகத் திரண்டு நின்றது. ஊதிக் காயவைத்துப் பார்த்தாள். அழகம்மா அதை வாங்கி, சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தாள். மாப் படிந்த பெருவிரல் கோட்டின்மேல் பட்டது. விரலை எடுத்தபோது, அதன் நுனியில் நீலமாக ஒரு தீற்றல் இருந்தது. கோட்டுக்குமேல் ஒன்றும் இல்லை.